மாப்ள, வெயில் காயவா வாறே?

கனடாவுல எட்மண்டனை விட்டுட்டு ஊரோட வந்திரப் போறியாமே மாப்ள. உங்கம்மாதான் சொன்னா. என்ன காரணம்னு கேட்டேன். "அவனுக்கு அந்தக் குளிரு அலுத்துப் போச்சாம். இனிமே வெயில்ல வாழணுமாம்" அப்படின்னா. நான் ஒண்ணும் சொல்லல. வெத்தலைய மட்டும் கொஞ்சம் வேகமா மென்னேன். வெயில் வேணும்னு ஒருத்தன் காசு குடுத்து டிக்கெட் எடுத்து வாறத, ஆலங்குளத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல இருக்கிற ஒரு பய இதுவரைக்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டான். நாங்க பொறந்ததுல இருந்து அதுக்குப் பயந்து ஓடிக்கிட்டு இருக்கோம். நீ அதத் தேடி எதுக்க வாறே. வழியில முட்டிக்கிட வேண்டாம்னுதான் நாலு வார்த்த சொல்லுதேன். கேக்கதும் கேக்காததும் உன் இஷ்டம். கேக்க மாட்டேன்னு தெரியும், இருந்தாலும் சொல்லாட்டா எனக்கு ஒறக்கம் வராது.

மொதல்ல உன் குளிரப் பத்திப் பேசிருவோம். ஜனவரி மாசம் வீடியோவுல காட்டுவியே, கார் மூஞ்சியில இருந்து ஒரு வயரு தொங்கும். ராத்திரி அத கரண்டுல சொருகி வைக்கலேன்னா காலையில எஞ்சின் எந்திரிக்காதுன்னு. மைனஸ் 30ம்பே. ஒரு வருசம் மைனஸ் 40 வந்துச்சு, அந்த ஒரு எடத்துலதான் செல்சியசும் பாரன்ஹீட்டும் ஒண்ணாகும்னு எனக்குப் பாடம் வேற நடத்தினே. எல்லாஞ்சரி. அந்த மைனஸ் 40ல நீ எவ்வளவு நேரம்லே நின்னே? வீட்டு வாசல்ல இருந்து கார் வரைக்கும். கார்ல இருந்து ஆபீஸ் வரைக்கும். மத்த நேரம் பூரா 21 டிகிரியில அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு ஐஸ்கிரீம்லா தின்னுக்கிட்டு இருந்தே.

உள்ளதச் சொல்லப்போனா, இத்தன வருசமா நீ குளிர்ல வாழவே இல்ல மாப்ள. ஒரு ஊரே சேந்து உன்னக் குளிருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்துச்சு. ரோட்டுல பனி விழுந்தா அள்ளுறதுக்கு லாரி வந்துரும். உன் வீட்டு முன்னால நடைபாதையில கெடக்கிற பனிய நீ அள்ளாட்டா மாநகராட்சிக்காரன் கேள்வி கேப்பான். சுவத்துக்குள்ள பஞ்சு, ஜன்னலுக்கு மூணடுக்குக் கண்ணாடி, வீட்டுக்கு அடியில ஒரு உலை. குளிர்னா எதிரின்னு அத்தன பேரும் ஒத்துக்கிட்டு மெஷின வச்சு சண்ட போடுதாங்க. இங்க வெயிலுக்கு அப்படி ஒரு ஏற்பாடும் கெடையாது. பஞ்சாயத்துல இருந்து யாரும் வந்து உன் வாசல்ல கெடக்கிற வெயில அள்ளிட்டுப் போக மாட்டான். இங்க இருக்கிறது ஒரு வேப்பமரம், ஒரு மண்பானை, மத்தியானம் கொஞ்சம் ஒறக்கம். மூணுக்கும் மோட்டார் கெடையாது. ரிமோட்டும் கெடையாது.

நீ வெயில்ல வாழணும்னு வாறே. இங்க யாருமே வெயில்ல வாழலயே! எல்லாரும் நிழல்லதான் இருக்கோம். பஸ் ஏறுனா வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்னு கணக்குப் போடாம நம்மாளு சீட்டுல உக்கார மாட்டான். அஞ்சாங்கிளாஸ் தாண்டாத கெழவிக்கும் அந்தக் கணக்கு பிசகாது. பஸ் ஸ்டாப்புல கூரை இல்லேன்னா கரண்டுக் கம்பத்தோட நிழலு நீளத்துக்கு ஒருத்தன் பின்னால ஒருத்தனா நிப்பாங்க, நிழலு நகர நகர வரிசையும் நகரும். அதையும் பிடுங்குற நாளு ஒண்ணு உண்டு. ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல, சித்திரை பொறக்கிற நேரத்துல, நம்ம ஊர்ல உச்சிப்பொழுதுக்குச் சூரியன் நேரா நடுமண்டைக்கு மேல வந்து நிக்கும். கம்பத்துக்கு நிழலே இருக்காது. திரும்ப ஆகஸ்டு கடைசியில இன்னொரு தடவ வந்து, விட்டது தொட்டது எதுவும் உண்டுமான்னு பாத்துட்டுப் போகும். உங்க எட்மண்டன்ல டிசம்பர் நடுப்பகல்லயே சூரியன் அடிவானத்துல இருந்து 13 டிகிரிக்கு மேல ஏறாது. கூச்சப்பட்டுக்கிட்டு எட்டிப் பாத்துட்டு, நாலே கால் மணிக்கெல்லாம் எறங்கிரும். அந்தச் சூரியனோட பழகிட்டு இந்தச் சூரியனையும் அதே ஆளுன்னு நெனச்சு தோள்ல கை போட வாறே நீ.

இப்ப வீட்டுப் படத்துக்கு வருவோம். எனக்கு அனுப்பிருந்தியே, இஞ்சினியர் போட்டது. கண்ணாடி போட்டுப் பாத்தேன், கண்ணாடி போடாமயும் பாத்தேன். ரெண்டு தடவையும் சிரிப்பு வந்துச்சு.

மேக்க பாத்த வாசல். சரி, மனை அப்படி அமைஞ்சு போச்சு, அது உன் குத்தமில்ல. ஆனா அந்த மேக்குச் சுவரு பூரா தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி வச்சிருக்கியே, அது யாரு குத்தம்? அங்க கண்ணாடி வைக்கிறான்னா, கெடைக்கிற ஏழெட்டு மணி நேர வெயில வீட்டுக்குள்ள பிடிச்சு வைக்கணும்னு வைக்கான். சரிஞ்சு விழுற வெயிலு, தெக்கு ஜன்னல் வழியா நுழைஞ்சு படுக்கை வரைக்கும் வரும். அவனுக்கு அது விருந்தாளி. இங்க சாயங்காலம் மூணு மணிக்கு அந்தக் கண்ணாடி வழியா வாற ஆளு விருந்தாளி இல்ல மாப்ள, கடன் வசூலிக்க வாறவன். உள்ள வந்தா லேசுல போக மாட்டான். வெளிச்சம் வேணும்கிறே. வெளிச்சம் வேணும்னா வடக்க ஜன்னல் வையி. மேக்க ஒரு தாவாரத்த எறக்கி விடு. நாலடி நீட்டி விட்டா சுவரு நிழல்ல இருக்கும், சுவரு நிழல்ல இருந்தா நீ உசிரோட இருப்பே.

அடுத்தது கூரை. உங்க ஊர்ல வெயிலு சுவத்துல விழும். நம்ம ஊர்ல கூரையிலதான் விழும், நடுமண்டையில நிக்கிற சூரியனாச்சே. நீ என்னடான்னா மட்டப்பாவுல கறுப்பு டைல்ஸ் போடச் சொல்லிருக்கே, பாக்க எடுப்பா இருக்கும்னு. யாரு பாக்கப் போறா? ஏரோப்ளேன்ல போறவனா? வெறும் கான்கிரீட் தளமே பகல் பூரா சூட்டக் குடிச்சு வச்சிருந்து ராத்திரி பத்து மணிக்குத் துப்பும். மாடியில படுக்கை அறைன்னு எழுதிருக்கிற எடம் மே மாசத்துல செங்கல் சூளை மாதிரி கெடக்கும். நம்ம தாத்தா காலத்துல செங்கச்சல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தளம் அடிச்சு, மேல தட்டோடு பதிச்சாங்க. வருசா வருசம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு விட்டாங்க. வெள்ளைத் தளம் வெயில வந்த வழியே திருப்பி அனுப்பிரும். அவங்களுக்கு அது விஞ்ஞானம்னு தெரியாது. அடிக்காட்டா ஒறங்க முடியாதுன்னு தெரியும்.

தாத்தா வீட்டக் கொஞ்சம் நெனச்சுப் பாரு. நீ சின்னப்புள்ளையில ஓடியாடுன வீடுதானே. திண்ணை, அதுக்கு உள்ள தார்சா, அதுக்கும் உள்ள பட்டாசல், அப்புறம் ரெண்டாங்கட்டு, அடுக்களை, கடைசியில புறவாசல். ரோட்டு வெயிலு இத்தனையும் தாண்டி அடுக்களைக்கு வரணும்னா களைச்சுப் போயிரும். வாசக்கதவையும் புறவாசக்கதவையும் தெறந்து வச்சா இந்தத் தலையில நுழைஞ்ச காத்து அந்தத் தலையில போகும். நீ படத்துல ஒரு ஹாலு போட்டிருக்கே. அதுல சமைக்கவும் செய்யலாம், சாப்பிடவும் செய்யலாம், டிவியும் பாக்கலாம். நடுவுல சுவரே கெடையாது. அங்க அடுப்புச் சூடு வீடு பூரா பரவுனா நல்லது. இங்க உன் வீட்டுக்காரி ஏப்ரல் மாசம் மீன் பொரிச்சான்னா, டிவி பாக்கிற நீயும் சேந்துதான் பொரியணும்.

அந்தப் பிள்ளைக்கு விவரம் உண்டு. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்தப் படமே வந்திருக்காது.

மரப்பலகையில தரை போடணும்னு எழுதிருக்கியே, அது யாருக்கு? கரையானுக்கா? அங்க ஆறு மாசம் பூமி ஒறஞ்சு கெடக்கும், கண்ட பூச்சியும் ஒடுங்கிரும். இங்க அதுகளுக்கு லீவு கெடையாது. செவப்பு சிமெண்டுத் தரை போடு. இல்லேன்னா கல்லு போடு. மத்தியானம் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு வெறுந்தரையில சாஞ்சு பாரு, அப்புறம் பேசுவோம். முன்பக்கம் புல்லுத்தரை வேணும்கிறதும் வேண்டாம். அந்தத் தண்ணிய ரெண்டு புங்கைக்கும் ஒரு வேம்புக்கும் ஊத்து. வீடு கட்டி முடிச்சப்புறம் மரம் வைக்கணும்னு எழுதிருக்கே, அத மட்டும் தலைகீழா மாத்திக்கோ. மேக்குப் பக்கம் இப்பமே வையி. வீடு எட்டு மாசத்துல எழும்பிரும். மரத்துக்கு அவசரம் தெரியாது.

மட்டப்பாவுல சூரியவெளிச்சத்துல தண்ணி சுட வைக்கிற குழாய் வேற கேட்டிருக்கே. உனக்குப் பைத்தியமாலே? கறுப்புத் தொட்டிய வச்சிட்டு மத்தியானம் ரெண்டு மணிக்குக் குழாயத் தெறந்து பாரு. கால்ல பட்டா துள்ளுவே. நமக்குச் சுடுதண்ணிக்கு மெஷின் வேண்டாம், பச்சத்தண்ணிக்குத்தான் தவம் கெடக்கணும். தொட்டிய நிழல்ல வையி, வெள்ளன அஞ்சரை மணிக்கு மேலு குளிச்சிரு. அந்தத் தண்ணிய விட்டா அப்புறம் மறுநாளுதான்.

"மாமா, எல்லா ரூமுலயும் ஏசி போட்டுருவேன், விடுங்க" அப்படின்னு நீ சொல்லுவே. சொல்லு. ஒன்றரை டன்னு ஏசின்னு கடைக்காரன் சொல்லுதானே, அந்த டன்னு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? மெஷினோட எடை இல்ல. ஒரு டன்னு ஐஸ்கட்டி ஒரு நாளு பூரா உருகுனா எவ்வளவு சூட்ட இழுக்குமோ, அதான் ஒரு டன்னு கணக்கு. அது நம்ம டன்னு இல்ல, அமெரிக்காக்காரன் டன்னு, 907 கிலோ. ஏன் ஐஸ்கட்டியில அளந்தான்னா, அதுக்கு முந்தி குளிர்ச்சின்னா ஐஸ்கட்டிதான். உன் பக்கத்துல இருந்துதான் வந்துச்சு அதும். பாஸ்டன்ல பிரெடரிக் டியூடர்னு ஒரு ஆளு, கொளத்துல ஒறஞ்சு கெடக்கிற பனிய அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல ஏத்துனான். 1833ல கல்கத்தாவுக்கு வந்த மொத கப்பல்ல 180 டன்ல 100 டன் போல மிச்சமிருந்துச்சு. நாலு மாசப் பயணம்! பெறகு மெட்ராசுல கடற்கரை ஓரமா 1842ல ஒரு கிட்டங்கி கட்டுனான். ஐஸ் ஹவுஸ்னு இன்னைக்கும் அந்தப் பக்கத்துக்குப் பேரு. கடைசியில 1897ல விவேகானந்தர் தங்கினது அந்தக் கட்டடத்துலதான், இப்ப விவேகானந்தர் இல்லம். உங்க பக்கம் காலுல மிதிபடுற சாமானத்துக்கு இங்க துரைமாருங்க காசு குடுத்துருக்காங்க. நீ அதே சாமானத்த வேண்டாம்னு விட்டுட்டு வந்து, கரண்டுல செஞ்சு வாங்கப் போறே. டியூடர் உயிரோட இருந்தா உன்னக் கும்பிட்டிருப்பான்.

ஏசி போடாதேன்னு சொல்லல. படுக்கிற ரூமுக்கு ஒண்ணு போதும்னு சொல்லுதேன். இ.பி. பில்லு படி வச்சு ஏறும், மேல ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டுக்கும் வெல கூடும். நாலு மெஷின் ஓட்டுனா பில்லப் பாக்கும்போதுதான் உனக்கு நெசமாவே வேர்க்கும். அதவிடப் பெரிய சங்கதி உடம்பு. என் பேத்தி டாக்டருக்குப் படிக்கா, அவ சொன்னத அப்படியே சொல்லுதேன். குளிர்ல இருந்து வந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் ஆகுமாம். தெனமும் கொஞ்ச நேரம் சூட்டுல நடமாடணும். அப்பம் உடம்பே பாடம் படிச்சுக்கிடும்: வேர்வை சீக்கிரமே வரும், நெறைய வரும், அதுல உப்பு கம்மியா போகும். இருபத்திநாலு மணி நேரமும் ஏசியில கெடந்தா உடம்புக்குப் பள்ளிக்கூடமே கெடையாது. அப்புறம் ஆறு மாசம் கழிச்சும் வாசலுக்கு வந்தா மயக்கம் போட்டு விழுவே. நாங்க தூக்கிட்டு வந்து உள்ள போடணும். நீ வேற கனம் ஏறிட்டே.

வேர்வையப் பாத்து முகம் சுளிக்காதே. அங்க அது பஸ்ஸுல பக்கத்துல இருக்கிறவனுக்கு அசிங்கம். இங்க அது உன் சொந்த ஏசி. வேர்வை காயும்போதுதான் உடம்பு குளிரும். அதனால காயிற துணியா போடு: நூல் துணி, தொளதொளன்னு, வெளிர் கலர்ல. போன தடவ கறுப்பு டீசர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கிட்டு உச்சி வெயில்ல நெல்லையப்பர் கோயிலுக்குப் போனியே, செருப்ப வெளிய விட்டுட்டு பிரகாரத்துக் கல்லுல நீ ஆடுன ஆட்டத்தப் பாத்து ரெண்டு பேரு உனக்கு அருள் வந்துருச்சுன்னு கையெடுத்தாங்க. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் போனா இன்னும் கஷ்டம். கடல் ஈரத்துல வேர்வை காயவே காயாது, வழிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அங்க வச்சு வெரசா நடக்காதே. பைய நட. உனக்கு இந்த ஊர்ல கத்துக்கிட வேண்டிய பெரிய வித்தையே அதான், பைய நடக்கிறது.

குடிக்கிறதுக்கு பச்சத்தண்ணி மட்டும் போதாது, உப்பும் போகுதுல்லா. காலையில நீச்சத்தண்ணி, சின்னவெங்காயம் கடிச்சுக்கிட்டு. பதினோரு மணிக்கு மோரு. பங்குனி சித்திரையில பனையேறுறவங்ககிட்ட சொல்லி வச்சா ஓலைப்பட்டையில பதனி, அதுல நுங்கு வெட்டிப் போட்டுத் தருவாங்க. வேக்குரு வந்தா அந்த நுங்குத் தண்ணியவே மேலுல தடவு. நீ கொண்டு வாற ஆறு டியூப் களிம்பு அதுக்கப்புறம் அலமாரிய அடைச்சுக்கிட்டுத்தான் கெடக்கும். இன்னொண்ணு, வெயிலுக்கு வந்துட்டோம், வைட்டமின் மாத்திரைய நிறுத்திரலாம்னு கனவு காணாதே. வெயில் கொட்டுற ஊர்லயே டி பத்தலைன்னு டாக்டர் எழுதித் தாராரு. நிழல்லயே பதுங்குனா எங்கிருந்து வரும்? அந்த மேக்குக் கண்ணாடி வழியா வருமான்னு கேக்காதே. டி சேக்கிற வெயிலு கண்ணாடியத் தாண்டி வராது, சூடு மட்டுந்தான் வரும். அதான் அந்தக் கண்ணாடியோட யோக்கியத.

உனக்கு முன்னால குளிர்ல இருந்து எறங்கி வந்தவன் நம்ம ஜில்லாவுல இல்லாம இல்ல. கால்டுவெல் அய்யர நெனச்சுப் பாரு. அயர்லாந்துல பொறந்து ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல வளந்த மனுசன். 1838ல மெட்ராசுல கப்பல்ல இருந்து எறங்குனாரு. 1841ல இடையன்குடிக்கு வந்தாரு. அதும் பெரும்பாதி நடந்தே வந்தாராம், ஊரையும் ஆளையும் பாக்கணும்னு. வந்த எடம் தேரிக்காடு, செம்மணல், பனையத் தவிர ஒண்ணும் கெடையாது. காத்தாடி கெடையாது, ஐஸ் கெடையாது. அங்க உக்காந்துக்கிட்டு ஒப்பிலக்கணம் எழுதுனாரு, 1856ல அச்சாச்சு. திருநெல்வேலிக்கு வரலாறு எழுதுனாரு, கோயில் கட்டுனாரு. அம்பது வருசம்! ஆனா மாப்ள, அவரு உசிரு போனது எங்க? 1891ல, கொடைக்கானல்ல. உடம்பத்தான் இடையன்குடிக்குக் கொண்டு வந்தாங்க. அவ்வளவு வைராக்கியம் உள்ள மனுசனே கடைசியில மலைக்கு ஏறிட்டாரு. மத்த துரைமாரப் பத்திக் கேக்கவே வேண்டாம். அமெரிக்காப் பாதிரிமாரு மதுரையில வெந்து நொந்து போயி 1845ல கொடைக்கானல்ல பங்களா போட்டாங்க. மெட்ராஸ் கவர்மெண்டே வெயில் காலம் வந்தா பைலக் கட்டிக்கிட்டு ஊட்டிக்குப் போயிரும். ஆட்சி அவன் கையில, பட்டாளம் அவன் கையில, ஆனா ஏப்ரல் மாசத்த அவனால ஆள முடியல. நீ ஒரு ஓய்வூதியத்த வச்சுக்கிட்டு ஆளப் போறே.

நேரத்தப் பத்தி ஒண்ணு. அங்க ஜூன் மாசம் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா இருக்குன்னு பார்க்குல ஓடுவியே, அந்தக் கணக்கு இங்க செல்லாது. இங்க வருசம் பூரா ஆறு, ஆறே முக்காலுக்குள்ள விடியும், ஆறு, ஆறே முக்காலுக்குள்ள இருட்டும். கடிகாரத்த முன்ன பின்னத் தள்ளுற சோலியும் கெடையாது. ஆனா பகலு ஒண்ணுன்னு நெனச்சிராதே, ரெண்டு. வெள்ளன அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் ஒண்ணு, சாயங்காலம் நாலரையில இருந்து இன்னொண்ணு. நடுவுல இருக்கிறது யாருக்கும் சொந்தமில்ல. நீ மத்தியானம் ரெண்டு மணிக்கு கொத்தனாரக் கூப்பிட்டு, "ஏன் வேலை நிக்குது?"ன்னு கேப்பே. அவன் வேப்பமரத்தடியில இருந்து ஒரு கண்ணத் தெறந்து உன்னப் பாத்துட்டு மூடிக்குவான். அவன் சோம்பேறின்னு நீ எட்மண்டன் சிநேகிதனுக்குப் போன்ல சொல்லுவே. உங்க ஊர்ல பனிப்புயல் அடிக்கிற அன்னைக்கு ஆபீசுக்கு வர வேண்டாம்னு சொல்லுவாங்கல்லா, அதுக்குப் பேரு பாதுகாப்பு. எங்களுக்கு அது தெனமும் மத்தியானம் வருது, எங்களுக்கு மட்டும் பேரு சோம்பேறி. நல்லாருக்குலே உன் நியாயம்.

வெயில்தான் இங்க எல்லாம்னு நெனச்சு வந்தாலும் தப்பு. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து வரும். குத்தாலத்துல சாரலு, நமக்கு வெறும் காத்து. அந்தக் காத்துல உன் ஜன்னல் திரை, மேசைக் காயிதம், பொண்டாட்டி காயப்போட்ட சேலை எல்லாம் அடுத்த தெருவுலதான் கெடைக்கும். ஐப்பசி கார்த்திகையில மழை. மழைன்னா உனக்குத் தெரிஞ்ச மழை இல்ல. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் போல கொட்டுச்சு. உங்க எட்மண்டன்ல மழையும் பனியும் சேத்து ரெண்டு வருசத்துக்கு விழுறது அவ்வளவுதான் இருக்கும். தாமிரபரணி ரோட்டு மேலயும் வீட்டுக்குள்ளயும் வந்து நலம் விசாரிச்சிட்டுப் போச்சு. அதனால அந்த வீட்டுப் படத்துல வாசப்படிய இன்னும் மூணடி ஒசத்து. கீழ் மட்டத்துல நிலவறை வேணும்னு போட்டிருக்கியே, அது வேண்டாம். மீன் வளக்கிறதா இருந்தா வையி.

அப்புறம், ஓய்வு காலத்துல நாலு ஏக்கர் வயலு வாங்கி வெவசாயம் பாக்கப் போறேன்னு ஆளுக்கு ஆளு சொல்லிட்டுத் திரியிறியாமே. கனடாக் குடியுரிமை எடுத்துட்டே, கையில ஓசிஐ கார்டு. அத வச்சுக்கிட்டு வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். காசு குடுத்து வெவசாய நெலம் வாங்க சட்டம் விடாது. அப்பன் பாட்டன் நெலம் வாரிசா வந்தா வச்சுக்கிடலாம். உங்கப்பா வச்சிட்டுப் போன ரெண்டு ஏக்கரு அங்கதான் கெடக்கு, கருவேலமரம் மொளச்சு. அத யாரு இதுவரைக்கும் பாத்துக்கிட்டான்னு நீயும் கேக்கல, நானும் சொல்லல. நல்லவேளை, விக்கல.

டிக்கெட் எப்ப போட்டிருக்கேன்னு உங்கம்மா சொன்னா. மே மாசம் எட்டாந்தேதி. அக்னி நட்சத்திரத்துக்குள்ள! அங்க பனி உருகி, புல்லு மொளச்சு, உங்க ஊரு பாக்கிறதுக்கு லச்சணமா இருக்கிற மாசத்துல கெளம்பி, இங்க காக்காய் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கிற மாசத்துல வந்து எறங்கப் போறே. மாத்து மாப்ள. காசு போனாப் போகட்டும். டிசம்பர் கடைசியில வா. மழை ஓஞ்சிருக்கும், கொளம் நெறஞ்சிருக்கும். மார்கழி தையில ராத்திரி 21, 22 டிகிரிக்கு எறங்கும். நீ வாழ்நாள் பூரா வீட்டுக்குள்ள வச்சிருந்த அதே 21 டிகிரி, பைசா செலவில்லாம. நாங்க மப்ளர் கட்டிக்கிட்டு நடுங்குவோம், நீ பனியனோட நின்னு எங்களப் பாத்துச் சிரிச்சுக்கிடலாம், அந்த ஒரு மாசம் உனக்குத் தந்தேன். மாசியில கொஞ்சம், பங்குனியில கொஞ்சம்னு வெயிலு படிப்படியா ஏறும், உடம்பும் கூடவே ஏறிக்கிடும். சித்திரை வாறப்போ நீயும் கம்பத்து நிழல்ல வரிசையில நிப்பே, எனக்குப் பின்னால.

வீட்டச் சாமானெல்லாம் ஏலம் போட்டு, பனிக்கோட்ட எல்லாம் தர்மத்துக்குக் குடுக்கப் போறேன்னு கேள்விப்பட்டேன். பூட்ஸக் குடு, அந்த பனி அள்ளுற மம்பட்டியக் குடு. நீ போடுற அந்தத் தடிச்ச கோட்டு மட்டும் இருக்கட்டும், கொண்டு வா. நான் இத்தன சொன்னதுக்கு அப்புறமும் நீ நாலு ரூமுலயும் ஏசி மாட்டி பதினெட்டுல வைக்கத்தான் போறே. பால் காய்ச்சுக்கு வந்தா உன் வீட்டுல நான் எப்படிலே உக்கார? எனக்கு 42 சைசு. உங்க அத்தைக்கும் ஒண்ணு பாரு, கறுப்பு வேண்டாமாம்.